ஜோடிச் சோதனை

“எனக்கு என் ஜோடி திரும்ப வேணும் சார்.”

இதைக் கேட்கக் கூடாது என்று மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். சம்பளம் கேள், லீவு கேள், வேலை செய்கிற இடத்தில் போய் ஆள் வேண்டும் என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதே, அசிங்கம் என்றாள் அம்மா. பொறுப்பில் இருக்கிறவர்கள் இப்படியெல்லாம் ஆசைப்படக் கூடாது என்றார் ஹெச்.ஆர். மேடம். யார் வேண்டும் என்று கேட்டேனோ அவளே கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கேட்டால் பல்லைப் பேத்துவிடுவேன் என்றாள். முதல் இரண்டு பேர் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடியதில் என்ன ஆயிற்று என்பது மேனேஜரின் மேஜைமேல் இருந்த திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஹெச்.ஆர். மேடத்தைப் பார்த்தார். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ஜோடி வேணும்னா உங்க வீட்ல சொல்லும்மா. நல்ல பையனா பாத்து முடிச்சு வெப்பாங்க.”

சொல்லிவிட்டு அவரே அந்த ஜோக்குக்குத் தலையாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். என் முறைப்புக்குப் பயந்து ஒரு நாயும் ஓடியதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முறைப்பதை விடுவதில்லை.

எங்கள் ஆலையில் செய்வது கேமராவுக்குள் வைக்கிற லென்ஸ். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் அது குப்பைக்குப் போகும். அதனால் உள்ளே போகிறவர்கள் எல்லோரும் தலையிலிருந்து கால்வரை ஒரு வெள்ளை உடைக்குள் புகுந்துகொள்ள வேண்டும். கண் மட்டும் தெரியும். யார் எவர் என்பதை முதுகில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்த உடை சரியாக மூடியிருக்கிறதா என்று போட்டிருப்பவளால் பார்க்க முடியாது. தன் பிடரியைத் தானே பார்க்க யாருக்கும் கண் கிடையாதே. அதற்குத்தான் ஜோடிச் சோதனை.

இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருத்தியின் கை மற்றவளின் நெற்றி விளிம்பில் தொடங்கும். வெளியே எட்டிப் பார்க்கும் முடியைத் தலைமூடிக்குள் தள்ளி, காதோரம் விரலை ஓட்டி, பிடரி மடிப்பை நீவி, தோள் தையலைத் தடவி, ஜிப்பை இழுத்துப் பார்த்து, கையுறை மணிக்கட்டை மூடியிருக்கிறதா என்று பிடித்துப் பார்த்து, கடைசியில் குனிந்து கணுக்கால். பிறகு புதுக் கையுறை. எல்லாம் சரி என்றால் முதுகில் இரண்டு தட்டு. முகமூடிக்குள் பேசினால் கேட்காது என்பதால் அதுதான் பேச்சு. இரண்டு தட்டு விழாமல் ஒருத்தியும் உள்ளே நகர மாட்டாள். இந்த முறையை நாங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவரையொருவர் தொடச் சொல்லிச் சம்பளமும் கொடுத்தது கம்பெனிதான்.

என் ஜோடி நெட்டை. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். என்னை டிகிரி என்பார்கள். அந்த வரிசையில் கல்லூரி முடித்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டிலும் நான்தான், எங்கள் சந்திலும் நான்தான். நெட்டையின் தோளுக்குக்கூட நான் எட்ட மாட்டேன். அவள் தலையைச் சரிபார்க்க வேண்டுமானால் அவள் முழங்காலை மடக்கிக் குனிந்து தர வேண்டும். முதல் நாள், முகமூடி போடுவதற்கு முன்னால், குனிந்தபடியே, சீக்கிரம் பாருடி, இடுப்பு போகுது என்றாள். எடுத்த எடுப்பில் ‘டி’ போட்டதற்காக நான் சண்டை பிடித்தேன். பதிலுக்கு அவள் என் முதுகில் போட்ட இரண்டு தட்டில் எனக்கு இருமல் வந்துவிட்டது. சாயங்காலம் போய், தட்டுறீங்களா அடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

“உன் உடம்புல எலும்புதான் இருக்கு. எங்க தட்டினாலும் அடியாத்தான் விழும். சாப்பிட்டு வாடி.”

அன்றைக்கு அவளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ராத்திரி படுத்தபோது முதுகில் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. கடைசியாக ஒரு மனுஷக் கை அங்கே பட்டது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தொடுவதில்லை. அப்பா சுமை தூக்குகிறவர். பகலெல்லாம் மூட்டையைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். நான் பெரியவளான பிறகு அவர் கை என் தலையில் விழுந்ததில்லை. நான் பட்டம் வாங்கிய பிறகு அம்மாவும் நிறுத்திக்கொண்டாள். தட்டை நீட்டும்போதுகூடக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, என் விரல் படாமல் நீட்டுவாள், ஏதோ பெரிய ஆபீசர் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி. சான்றிதழ் வந்த அன்று அப்பா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெருமைப்படுகிறார்கள், தெரிகிறது. அந்தப் பெருமை எனக்குக் குளிர்கிறது என்று சொன்னால், படித்த திமிர் என்பார்கள்.

நெட்டைக்கும் பெரிய வாழ்வு இல்லை. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். வந்தால் தூங்குவார், எழுந்தால் கிளம்பிவிடுவார். மகனுக்கு மீசை அரும்புகிற வயது, தலையைக் கோதினால் தட்டிவிடுகிறான். “எங்க வீட்ல என்னைத் தொடுறது கொசு மட்டும்தான்டி” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அவளுடைய அக்கா செத்துப்போன வாரம் அவள் யாரிடமும் பேசவில்லை. உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால் சுற்றிப் போவது போல. நானும் என்ன சொல்வது என்று தெரியாமல் சோதனையை மட்டும் முடித்தேன். அந்த அறைக்கும், லென்ஸ் செய்கிற வெள்ளை அறைக்கும் நடுவே ஒரு கூண்டு உண்டு. இரண்டு பேர்தான் நிற்கலாம். கதவு மூடியதும் நாலா பக்கமும் காற்று அடித்து உடையில் ஒட்டியிருக்கும் தூசியைத் தள்ளும், கையைத் தூக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். அன்று நெட்டை கையைத் தூக்கவில்லை. நான் தூக்கிய கையை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டேன், எனக்கு எட்டியது அவ்வளவுதான். அவள் முழங்காலை மடக்கி, தாடையை என் தலைமேல் வைத்துக்கொண்டு அலறினாள். காற்றின் இரைச்சலில் எனக்கே பாதிதான் கேட்டது. காற்று நின்றதும் நிமிர்ந்துகொண்டாள். முகமூடி நனைந்துவிட்டதால் திரும்பிப் போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. தாமதத்துக்கு இரண்டு பேருக்கும் திட்டு. திட்டு வாங்கி முடிகிறவரை அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யாரிடமாவது ஏச்சு வாங்கிவிட்டு வந்தால் என் பிடரியில் அவள் உள்ளங்கை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அவள் தூங்காமல் வந்தால் நான் காதோரத்தை மெதுவாகப் பார்ப்பேன். நாங்கள் மனம் திறந்து பேசிக்கொண்ட தோழிகள் என்று நினைக்க வேண்டாம். பேசினால் பெரும்பாலும் சண்டைதான். அவளுக்கு என் படிப்பைக் கிண்டல் செய்யாமல் டீ இறங்காது. கிண்டல் செய்கிற வாய் ஒரு பக்கம் இருக்கும், கை என் தோளில் கிடக்கும்.

பிறகு எனக்கு நீலப் பட்டை கொடுத்தார்கள். சட்டைக் கையில் ஒட்டிக்கொள்கிற துணிப் பட்டை, வரிசைக்குப் பொறுப்பாளர் என்று அர்த்தம். அப்பா அவருடைய கிடங்கில் ஒருவர் விடாமல் சொன்னார். பட்டை போட்டவர்களுக்கு உடை மாற்றத் தனி அறை, முன்னும் பின்னும் ஆளுயரக் கண்ணாடி. நம்மை நாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தொழிலாளி நம்மேல் கை வைக்கப் பழகினால் நாளைக்கு நம் சொல்லை மதிக்க மாட்டாள் என்று மேனேஜர் விளக்கினார். முதல் நாள் உடையைப் போட்டு, முடியைத் தள்ளி, ஜிப்பை இழுத்து, எல்லாம் முடித்த பிறகும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. பின்னால் வந்தவர் தொண்டையைச் செருமிய பிறகுதான் உறைத்தது. முதுகில் விழ வேண்டிய தட்டுக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

பொதுவான அறையிலேயே என் சோதனையை முடித்துக்கொள்ளலாமா என்று ஹெச்.ஆர். மேடத்திடம் விசாரித்தேன். கேட்கவில்லை, விசாரித்தேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஏற்கெனவே ஆளுங்க ஒரு மாதிரி பேசிக்கிறாங்கம்மா.”

“எந்த மாதிரி மேடம்?”

அவர் மேஜைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியைப் பென்சிலால் என் பக்கம் தள்ளினார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்கு அந்தப் பெட்டியை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

எந்த மாதிரி என்று எனக்குத் தெரியும். நானும் நெட்டையும் காதலிக்கிறோம் என்று சொல்லியிருந்தால்கூட அவர்களுக்குப் புரிந்திருக்கும். எதிர்ப்பார்கள், காறித் துப்புவார்கள், ஆனால் என்னவென்று புரிந்துகொண்டு துப்புவார்கள். கட்டிய புருஷனும் பெற்ற பிள்ளையும் தவிர வேறு ஒருவர் தோளில் கை கிடந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும் அவர்களுக்கு. நோய் வந்தால் டாக்டர் தொடலாம். அளவெடுக்கத் தையல்காரி தொடலாம். கூட்டத்தில் முகம் தெரியாதவன் இடித்துக்கொண்டு போகலாம், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிநேகிதி தொட்டால் மட்டும் ஒரு மாதிரி.

நெட்டைக்குப் புதிதாக வந்த பெண்ணை ஜோடியாகப் போட்டார்கள். சின்னப் பெண், அவள் காதிலும் யாரோ ஊதியிருக்கிறார்கள். சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி நுனிவிரலால் சோதிப்பாளாம். கிட்டே வர மாட்டாள், குனியுங்கள் என்று சொல்லவும் வாய் வராது. நெட்டை தானாகக் குனிந்தால் ஓரடி பின்னால் போய்விடுவாளாம். “விட்டுட்டேன், நான் இப்ப குனியறதே இல்ல” என்றாள் நெட்டை ஒருநாள் டீக்கடை ஓரத்தில். என் தோளில் கை வைக்க வந்தவள், சட்டையில் இருந்த பட்டையைப் பார்த்துவிட்டுக் கையைத் தன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

நேற்று நடந்தது அதன் தொடர்ச்சிதான். வெள்ளை அறையில் லென்ஸ் அடுக்கிய தட்டுகள் பெல்ட்டில் வந்துகொண்டிருந்தன. கையுறை யார் தலையில் பட்டாலும் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட்ட பிறகுதான் தட்டைத் தொட வேண்டும். எங்கள் வேலையில் இதற்குமேல் ஒரு சட்டம் கிடையாது. முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இப்போது நான்தான். மத்தியானத்துக்குமேல் துகள் எண்ணும் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. என் மேஜையில்தான். ஒரு தட்டு முழுக்கக் கெட்டுவிட்டது, வரிசையை நிறுத்திக் கழுவினார்கள். யாரால் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. நானே வரிசையில் நடந்து ஒவ்வொருத்தியையும் விசாரித்தேன்.

இன்று காலையில் மேனேஜர் கூப்பிட்டார். அவர் மேஜைத் திரையில் அந்த அறை மேலிருந்து தெரிந்தது. ஒரே மாதிரி வெள்ளை உருவங்கள். ஒன்று உயரம், ஒன்று குட்டை. உயரமான உருவத்தின் காதோரம் ஒரு கற்றை முடி வெளியே தொங்கியது, அந்தச் சின்னப் பெண்ணின் நுனிவிரல் போகாத இடம். குட்டை உருவம் அதன் பக்கம் திரும்புகிறது. உயரமானது முழங்காலை மடக்கித் தலையைக் குனிகிறது. குட்டையின் கை எழுந்து, முடியை உள்ளே தள்ளி, காதோரம் விரலை ஓட்டி, பிடரியை நீவுகிறது. முதுகில் இரண்டு தட்டு. பிறகு அதே கையால் பெல்ட்டில் வந்த தட்டை எடுக்கிறது.

குட்டை உருவத்தின் முதுகில் இருந்தது என் எண். ஆனால் அதில் ஒரு அசைவுகூட எனக்கு நினைவில்லை. என் கையைக் கேட்டால் சொல்லும். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன், எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தக் குட்டை உருவம் எவ்வளவு நாளாக அதைச் செய்யாமல் நின்றிருக்கிறது என்று பட்டது.

மேனேஜர் விஷயத்துக்கு வந்தார். அவருக்கும் ஒரு பொறுப்பாளரைக் கீழே இறக்குவது அவமானம், அவர் தேர்ந்தெடுத்தவள் நான். குனிந்தது நெட்டை, படத்தில் தெரிகிறது. சரிசெய்யச் சொல்லி அவள்தான் கூப்பிட்டாள், அவசரத்தில் நான் உதவினேன் என்று நான் சொன்னால் போதும். அவள் மட்டும் பேக்கிங் கட்டடத்துக்குப் போவாள், அட்டைப்பெட்டி ஒட்டி அடுக்குகிற வேலை, சம்பளம் குறைவு. என் பட்டை என் கையிலேயே இருக்கும். மறுத்தால் அவளோடு நானும் பேக்கிங்குக்கு. வெளியே போய் உட்கார்ந்து யோசித்துவிட்டு வா என்றார்.

வெளியே பெஞ்சில் நெட்டை இருந்தாள். அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“சொல்லிட்டுப் போ. நான்தான் கூப்பிட்டேன்னு சொல்லு. எப்படியும் என்னை அனுப்பத்தான் போறானுங்க, நீ எதுக்குடி கூட வந்து விழற?”

“நீ கூப்பிடல.”

“கூப்பிட்டேன்னே வெச்சுக்கோ. உங்கப்பன் மூட்டை தூக்கி உன்னைப் படிக்க வெச்சது பெட்டி ஒட்டவா? உள்ள போய் ஜோடி கீடின்னு ஆரம்பிச்ச, பல்லைப் பேத்துடுவேன்.”

“பேத்துக்கோ. அதுக்காவது கையை வை.”

அவள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு சின்னதாக உட்கார்ந்திருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் நிஜமாகவே அடிப்பாள். எழுந்து உள்ளே வந்தேன். வந்து கேட்டதுதான் முதலில் சொன்னது.

மேனேஜரின் ஜோக் முடிந்துவிட்டது. அவர் திரையை மீண்டும் ஓடவிட்டு, பேனா முனையால் நெட்டையின் தலையைத் தட்டிக் காட்டினார்.

“பாரு, அவதான் குனியறா. உன் மேல தப்பு இல்லம்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

“நான் குள்ளம் சார், அதனால குனியறா. தெனமும் குனிஞ்ச தலை, பழக்கத்துல குனியுது. கை வெச்சது நான். தண்டனைன்னா எனக்குக் குடுங்க, அவளை விட்டுடுங்க.”

அது நடக்காது என்றார். இருவரும் படத்தில் இருக்கிறார்கள், இருவரில் ஒருத்தியையாவது காப்பாற்றலாம் என்று பார்க்கிறேன், நீ இடக்குப் பண்ணுகிறாய். ஹெச்.ஆர். மேடம் பொறுமையான குரலில் சேர்ந்துகொண்டார். எவ்வளவு கஷ்டப்பட்டு மேலே வந்திருக்கிறாய், குடும்பத்தில் முதல் பட்டதாரி, உன்னைப் பார்த்து நாலு பெண்கள் வருவார்கள். நட்பெல்லாம் ஆலைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாமே. லீவு நாளில் பார்த்துக்கொள்ளுங்கள், போனில் பேசுங்கள், யார் தடுத்தார்கள்?

“பேசறதுக்குக் கேக்கல மேடம். பேசினா எங்களுக்குள்ள சண்டைதான் வரும்.”

“பின்ன எதுக்கு?”

எதற்கு என்று அந்த அறையில் சொல்லிப் பயனில்லை. மேனேஜரின் நாற்காலிக்கும் மேடத்தின் நாற்காலிக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அத்தனை தூரம். பல வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறார்கள். ஒருவர் செத்தால் மற்றவர் அவர் மேஜையில் ஒரு பூங்கொத்தைப் பென்சிலால் தள்ளிவைப்பார்.

“கடைசியா கேக்கறேன்,” என்றார் மேனேஜர். “அவ கூப்பிட்டாளா, இல்லையா? அவசரமில்ல, நாளைக்குக்கூடச் சொல்லு.”

“இல்ல சார். கூப்பிட்டிருந்தா முன்னாடியே வெச்சிருப்பேன்.”

கையிலிருந்த நீலப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். பரக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. அவர் மேஜைமேல் வைத்தேன். மேனேஜர் அதைத் தொடாமல் என்னையே பார்த்தார்.

“டிகிரி படிச்சுட்டு அட்டைப்பெட்டி தூக்கப் போறியா?”

“ரெண்டு பேராத்தானே தூக்கணும், தூக்கறேன்.”

வீட்டில் என்ன நடக்கும் என்பதும் கணக்கில் இருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா கிடங்கில் தலை காட்ட முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். படுக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைக்கப்போகிறேன். உதறினால் உதறட்டும், மறுபடியும் வைப்பேன். மூட்டை உரசிக் காய்த்துப்போன முதுகு அது, என் கை பட்டால் தேய்ந்துவிடாது.

நான் திரும்பியபோது, வழியில் இருந்த ஹெச்.ஆர். மேடம் என் சட்டை படாமல் இருக்க நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். உட்காருங்க மேடம், ஒட்டிக்காது என்றேன். மேனேஜர் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எழுதித் தர வேண்டும் என்றோ என்னவோ. கதவைத் திறந்தேன், சாத்தவில்லை.

பெஞ்சிலிருந்து நெட்டை எழுந்தாள். என் வெறும் சட்டைக் கையைப் பார்த்தாள். அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை சொன்னாள். கையை ஓங்கினாள். நான் நிற்கவில்லை. அடியோ தட்டோ, விழட்டும் என்று அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்து நடந்தேன்.